ராணி சாகவே இல்லை

ராணி கண்ணைத் திறந்தபோது, சுடுசட்டியைத் தொட்டவன் போல மவுஸிலிருந்து கையை இழுத்துக்கொண்டேன்.

திரையில் ஒரு சதுப்பு நிலம். நாணலுக்குள் சின்னப் படகு. அதில் தன் ஆட்களுக்கு நடுவே அவள் மல்லாந்து கிடந்தாள். இடது தோளில் கட்டு, கட்டில் இரத்தம். அவளுடைய மெய்க்காவல் தலைவன், அதாவது நான் ஆட்டுவிக்கும் பாத்திரம், கம்பால் படகைத் தள்ளிக்கொண்டிருந்தான். "எங்கே இருக்கிறோம்?" என்று அவள் கேட்டாள். திரையின் அடியில் 'நான்காம் அத்தியாயம்' என்று ஆங்கிலத்தில் எழுத்து வந்து மறைந்தது.

எனக்குத் தெரிந்தவரை அந்த விளையாட்டுக்கு மூன்று அத்தியாயங்கள்தான். எனக்குத் தெரிந்தவரை அவள் இருபது வருடத்துக்கு மேலாகச் செத்துப்போனவள்.

அன்று பௌர்ணமி, போயா விடுமுறை. முற்பகல் வெயில் எங்கள் ஊர் தன்னாமுனை முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. மனைவி சமையலறை வாசலில் குந்தியிருந்து இறால் உடைத்துக்கொண்டிருந்தாள். புதுக் குரல் கேட்டதும் தலையை நிமிர்த்தினாள்.

"ஆரது கதைக்கிற?"

"ராணி."

"எந்த ராணி?"

"அந்த ராணிதான்."

இறால் கையோடு எழும்பி வந்து எனக்குப் பின்னால் நின்றாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள்.

"அவ செத்தவதானே? நீங்கதானே செத்துப்போனா எண்டு சொன்னீங்க."



அவள் ஏன் அப்படி அதிர்ந்தாள் என்று சொல்வதற்கு நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

உயர்தரம் படித்த காலத்தில், போர் நிறுத்தப்பட்டு, சமாதான காலம் என்று நாங்கள் சொல்லும் அந்தக் கொஞ்ச நாட்களில், எனக்கு ஒரு நண்பன் கிடைத்தான். காத்தான்குடிப் பையன். மட்டக்களப்பு டவுனில் ஒரே ட்யூஷன் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருந்தோம். ஊராட்கள் போன் எடுக்க வரும் கொமியூனிகேஷன் கடை ஒன்றை அவனுடைய மாமா நடத்தினார்; அதன் பின்னறையில் ஒரு கணினி இருந்தது. அதில்தான் முதன்முதலாக அந்த விளையாட்டைப் பார்த்தேன். வாளும் மந்திரமும் உள்ள ஓர் ஆற்று நாடு. அதன் ராணியை எதிரிகளிடமிருந்து காக்கும் தலைவன் நாம். கூடவே நான்கு தோழர்கள். நாம் எடுக்கும் முடிவுகளைப் பார்த்து அவர்கள் கோபிப்பார்கள், சமாதானமாவார்கள், சிலவேளை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு கணினிக்குள் இருந்து ஒருத்தன் என்னோடு கோபித்துக்கொண்டு போவான் என்று நான் அதற்கு முன் நினைத்ததே இல்லை.

நண்பன் முதலில் ஆடி முடித்தான். முடிவை வாயால் சொன்னால் முகத்திலேயே முழிக்க மாட்டேன் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தேன். அவனும் சொல்லவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை அவன் அவ்வளவு நன்றாகக் காத்ததுதான் எங்கள் இருவருக்கும் வினையாகப் போனது.

பிறகு அக்காவின் கணவர் கொழும்பிலிருந்து ஒரு பழைய கணினி கொண்டுவந்து தந்தார். டவுனில் ஒரு கடையில் அந்த விளையாட்டின் கள்ளக் கொப்பியை வாங்கினேன். நண்பனிடம் இருந்தது இரண்டு சீடி. எனக்குக் கிடைத்தது ஒன்று. நெருக்கிப் பதிந்திருக்கிறார்கள் என்று கடைக்காரர் சொன்னார். அது எனக்குக் கெட்டித்தனமாகவே பட்டது.

மூன்றாம் அத்தியாயத்தின் கடைசியில் எதிரி நகரத்தைச் சுற்றி வளைத்துவிடுவான். ஆற்றுக்கு மேலே ஒரு கற்பாலம். அங்கே நமக்கு மூன்று வழி தரப்படும். பாலத்தைக் கொளுத்தலாம். அதன் மேல் நின்று சண்டை பிடிக்கலாம். அல்லது வெள்ளைக்கொடியோடு ராணியை அக்கரைக்கு அனுப்பிப் பேசச் சொல்லலாம். நான் கொளுத்தினேன். புகைக்குள்ளால் ஓர் அம்பு வந்து ராணியின் தோளில் ஏறியது. அவள் விழுந்தாள். திரை கறுத்தது. ஒற்றைக் குழலோசை மட்டும் வந்துகொண்டிருந்தது. வெகுநேரம் வந்தது. பிறகு அதுவும் நின்று, விளையாட்டின் முதற்பக்கம் திரும்பி வந்தது.

நான் கதிரையில் அசையாமல் இருந்தேன். அடுத்த நாள் பழைய இடத்துக்குப் போய்ச் சண்டை பிடித்துப் பார்த்தேன். அம்பு வந்தது, கறுப்பு, குழல். வெள்ளைக்கொடியோடு அனுப்பிப் பார்த்தேன். அம்பு, கறுப்பு, குழல். எந்த வழியில் போனாலும் அவள் விழுவாள் என்றும், அதைத்தான் கதை சொல்ல வருகிறது என்றும் விளங்கிக்கொண்டேன்.

சீடி பழுதாக இருக்குமோ என்று ஒருதரமாவது யோசித்திருக்கலாமே என்று இந்தக் கதையைக் கேட்பவர்கள் இப்போது சொல்கிறார்கள். யோசிக்கவில்லை. அந்த வயதில், அந்த ஊரில், ஒரு கதை நடுவிலே நின்றுபோவது எனக்குப் புதினமாகப் படவில்லை. வெளியே போன ஆட்கள் திரும்பி வராத வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தன. அவர்களுடைய கதைகளுக்கும் நான்காம் அத்தியாயம் என்று ஒன்றும் வரவில்லை. உலகத்திலேயே உண்மை பேசும் ஒரே விளையாட்டை யாரோ செய்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

நண்பன் கத்தாருக்கு வேலைக்குப் போனான். போகும்போது அந்த விளையாட்டுக்குப் பின்னால் வந்த இரண்டு தொடர்ச்சிகளையும் எனக்குப் பதிந்து தந்துவிட்டுப் போனான். எக்ஸ்பான்ஷன் என்று சொல்வார்கள். மூல விளையாட்டின் மேல் ஏற்றி ஆடும் புதுக் கதைகள். நாங்கள் மூன்றுக்கும் எங்கள் வசதிக்குப் பெயர் வைத்திருந்தோம். முதலாவது ஆற்றுக்கதை. இரண்டாவது பனிக்கதை: ஒரு மலைக்கோட்டைக்குள் பனிக்காலம் முழுவதும் அடைபட்டுக் கிடந்து, இருக்கிற தானியத்தைப் பங்குபோட்டு, யாரை வெளியே அனுப்புவது, யாரை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்க வேண்டும். மூன்றாவது கடல்கதை: வயதாகிப்போன தலைவன் துறைமுகம் துறைமுகமாகப் போய் வியாபாரிகளின் பொய்களைக் கண்டுபிடிப்பான். சண்டை குறைவு, பகிடியும் சிரிப்பும் கூடுதல்.

பனிக்கதையைத் தொடங்கியதுமே எனக்குக் கோபம் வந்தது. முதற்காட்சியில் ராணி சிம்மாசனத்தில் இருக்கிறாள்! அந்த வாரமே கத்தாரிலிருந்து அழைப்பு வந்தபோது கத்தினேன்.

"செத்தவள எழுப்பி வச்சிருக்கிறாங்கடா! விக்கிறதுக்காக!"

"மச்சான், அவ சாவுற மாதிரிப் போய்த் தப்புறாதானே. கதை எண்டா அப்பிடித்தான்."

அவன் சொன்னது நான்காம் அத்தியாயத்தை என்று இப்போது தெரிகிறது. தொடர்ச்சிக்காரர்கள் சொல்லும் சாக்குப்போக்கைத்தான் சொல்கிறான் என்று அன்று நான் எடுத்துக்கொண்டேன். லைன் கரகரத்தது. கார்டும் முடிந்தது.

அப்படியே வருடக்கணக்காகப் பேசினோம். எதைக் கதைத்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்போம். மூன்றிலும் எது சிறந்தது? நான் ஆற்றுக்கதை என்பேன். அவன் பனிக்கதை என்பான். "ஆத்துக்கதை கடைசியில ஒரே இழுவை மச்சான்" என்பான். மூன்றாம் அத்தியாயத்து முற்றுகையை இழுவை என்கிறான் என்று நினைத்து நான் முற்றுகைக்காக வாதாடுவேன். இணையத்தில் ஆங்கிலக் கட்டுரை ஒன்றை வாசித்தேன். ஆற்றுக்கதையின் முடிவு பலவீனம் என்று அதிலும் எழுதியிருந்தது. அதை எழுதியவருக்கு ரசனை இல்லை என்று மூடி வைத்தேன்.

அதோடு நிற்கவில்லை. மட்டக்களப்பிலிருந்து வரும் ஒரு சிறுசஞ்சிகைக்கு மூன்று கதைகளையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினேன். ஆற்றுக்கதை ஒன்றுக்குத்தான் நிறுத்தத் தெரியும், மற்ற இரண்டும் அந்தத் துணிச்சல் இல்லாமல் அழுகையைத் துடைக்க வந்தவை என்று எழுதினேன். நண்பனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "எழுத்து நல்லா இருக்கு. கருத்து பிழை" என்று மட்டும் பதில் போட்டான்.

இதெல்லாம் சிரிக்கக்கூடிய விஷயம். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

என் மனைவி வவுணதீவுப் பக்கம் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறாள். விளையாட்டுகள் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஆனால் கல்யாணம் பேசி முடித்த நாட்களில் போனில் அந்தக் கதையை அவளுக்கு முழுவதும் சொல்லியிருந்தேன். பாலத்தில் ராணி விழும் இடத்தில் அந்தப் பக்கம் சத்தம் இல்லாமல் போனது. அழுதாள் என்று பிறகு சொன்னாள்.

சில வருடங்களுக்கு முன் அவளுடைய அம்மா வருத்தமாகி, நோய்ப்படுக்கையில் இங்கேயே கிடந்து காலமானார். கொழும்புக்குக் கொண்டுபோவதா, பயணத்தில் வைத்து அலைக்கழிக்காமல் இங்கேயே பார்ப்பதா என்று வீட்டில் எல்லோரும் குழம்பி, கடைசியில் முடிவெடுத்தது அவள்தான். இங்கேயே என்றாள். செத்தவீடு முடிந்து எல்லோரும் போன பிறகு அந்தக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. சோறு குழைத்துக்கொண்டு இருப்பாள், திடீரென்று, "கொழும்புக்குக் கொண்டுபோயிருந்தா?" என்பாள். கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டு நிற்கும்போதும் அதே நினைப்புத்தான் என்பாள். நான் என்ன சொன்னாலும் ஏறவில்லை. ஒருநாள் வலையிறவுப் பாலத்தால் மோட்டார்சைக்கிளில் அவளை ஏற்றிக்கொண்டு வரும்போது, வாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அந்த ராணிட கதை ஞாபகம் இருக்கா? மூண்டு வழி இருந்தது. மூண்டையும் நான் ஆடிப் பார்த்தனான். எதால போனாலும் ஒரே முடிவுதான்."

 அவள் என் முதுகில் தலையைச் சாய்த்தாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி குறைந்தது. கொஞ்ச நாளில் நின்றும்விட்டது.

இப்போது, போயா நாள் முற்பகலில், ராணி படகில் எழும்பி உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த விளையாட்டைச் செய்தவர்கள் மூன்று கதைகளையும் புதுக்கி இணையத்தில் விற்கத் தொடங்கியிருந்தார்கள். நான் அதை நேர்மையாக வாங்கி, ஆசையாக முதலிலிருந்து ஆடிக்கொண்டு வந்தேன். பாலத்தில் அம்பு வந்தது. திரை கறுத்தது. குழல் ஒலித்தது. நான் வழக்கம்போலக் கண் கலங்கி இருந்தேன். ஆனால் கறுப்பு விலகியது. அந்தக் குழல் ஒப்பாரியே அல்ல. சதுப்பு நிலக் காட்சியின் முகப்பிசை.

பின்னால் நின்ற மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப உங்கட பழைய சீடி?"

"பாதிதான் இருந்திருக்கு. மிச்சத்த வெட்டிப்போட்டுப் பதிஞ்சிருக்கிறான். எனக்கும் இப்பதான் தெரியும்."

"மூண்டு வழியாலயும் ஒரே முடிவு எண்டீங்க."

"ஓம்."

"அம்மாட விசயத்தில இதைத்தானே எனக்குச் சொன்னீங்க."

 திரையை மூடக் கை நீட்டினேன். அவள் இறால் வாடை அடிக்கும் கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"மூடாதீங்க. அப்பிடியே விடுங்க."

போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். என்னை எழுப்பிவிட்டு அந்தக் கதிரையில் தான் இருந்தாள்.  அன்று எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு பாணும் சம்பலும்தான். இறாலை நான் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தேன். எது எந்தப் பொத்தான் என்று மட்டும் கேட்டாள்.  கணக்கு வாத்தியார் கணக்கைச் சரிபார்ப்பது போலச் சரிபார்த்தாள். பாலத்துக்கு முன்னால் சேமித்து வைத்த இடத்துக்குத் திரும்பிப் போனாள். கொளுத்தினாள், படகு வந்தது. சண்டை பிடித்தாள், படகு வந்தது. வெள்ளைக்கொடியோடு அனுப்பினாள், அதற்கும் படகு வந்தது. ஒவ்வொரு தரமும் ராணி கண் திறந்தாள். ஆனால் ஒவ்வொரு தரமும் படகில் வேறொருவர் குறைந்திருந்தார். கொளுத்தினால் பாலத்தைக் காத்துநின்ற கிழவன் இல்லை. சண்டை பிடித்தால் எனக்கு மிகப் பிரியமான வில்லாளி இல்லை. வெள்ளைக்கொடி என்றால் கூடப் போன ராணியின் தங்கை அக்கரையில் பிடிபட்டுவிட்டாள்.

நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். அவள் அழுவாள் என்று பயந்தேன். ஏசுவாள் என்று அதைவிடப் பயந்தேன். அவள் கதிரையைத் திருப்பினாள்.

"கொழும்புக்குக் கொண்டுபோயிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவ்வளவுதான். இனி கேமை வச்சு எனக்கு ஆறுதல் சொல்லாதீங்க."

"சொல்லமாட்டன்."

"அண்டைக்கு எனக்கு அது உதவினதுதான். இல்லாட்டி நான் பைத்தியம் பிடிச்சிருப்பன்." மவுஸைத் தள்ளி வைத்தாள். "ஆனா இவ முழிச்சத பார்த்ததும் நெஞ்சு அடைச்சுப் போச்சு. அம்மா முழிச்ச மாதிரி."

அன்று பின்னேரம் நாங்கள் இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம். இருட்டுவதற்கு முன் அவள் மறுபடியும் கதிரையில் போய் இருந்தாள்.

நண்பன் கத்தாரை விட்டு வந்து இப்போது காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கிறான். அன்றைக்கே போன் எடுத்தேன்.

"மச்சான், ராணி சாகல்லயாமே."

"என்னடாப்பா சொல்றாய்? அவ எப்ப செத்த?"

சொன்னேன். ஒரு சீடி, கறுப்புத் திரை, குழல், மூன்று வழி, எல்லாம் சொன்னேன். அவன் பக்கம் கடையில் துணி கிழிக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

"வல்லாஹி?" என்றான்.

"சத்தியமா."

சிரிக்கத் தொடங்கினான். மூச்சுத் திணறும்வரை சிரித்தான். திடீரென்று நிறுத்தினான். "அப்ப நாங்க இவ்வளவு காலமும் எதப்பத்திடா சண்டை பிடிச்ச?"

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடித்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தான். தலைக்கவசத்தைக் கழற்ற முதலே கேட்டான்.

"அந்த சீடி வச்சிருக்கியா?"

எப்போதோ உடைந்து குப்பையோடு போய்விட்டது என்றேன். அவனுக்கு உண்மையாகவே முகம் வாடிவிட்டது. கறுப்புத் திரை எவ்வளவு நேரம் இருந்தது, குழல் எந்த இடத்தில் அறுந்தது, முதற்பக்கம் எப்படி வந்தது என்று திரும்பத் திரும்பக் கேட்டான். அந்தச் சின்ன வயதில் அதைப் பார்த்துவிட்டு நான் என்ன செய்தேன் என்றும் கேட்டான். சொன்னேன்.

"உன்ட கட்டுரைய ராவு திருப்பி வாசிச்சன்" என்றான். "நீ ஆடின கேமுக்கு அது சரியான கருத்துத்தான். அந்த கேம நான் ஆடல்ல. அதுதான் கேடு."

அந்த வாரத்துக்குள் மனைவி ஆற்றுக்கதையை முடித்திருந்தாள். நானும் கூட இருந்து பார்த்தேன். நான்காம் அத்தியாயமும் ஐந்தாம் அத்தியாயமும் சேர்ந்து முதல் மூன்று அத்தியாயங்களின் அளவு நீளம். சதுப்பு நிலத்தில் ஊர் ஊராகப் போய் ஒருவருக்கு மூலிகை, ஒருவருக்குத் தொலைந்த மாடு, ஒருவருக்கு மோதிரம் என்று தேடிக்கொடுக்க வேண்டும். கடைசியில் எதிரி மன்னன் மனம் திருந்துகிறான். ராணிக்குக் கல்யாணம். வாணவேடிக்கை. தோழர்கள் ஒவ்வொருவராக வந்து நன்றி சொல்கிறார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். உலகம் முழுவதும் பலவீனம் என்று சொன்ன முடிவு இதுதான். நான் ஒருவன் மட்டும் அதை வைரம் என்று வருடக்கணக்காகத் தோளில் சுமந்திருக்கிறேன்!

"இழுவை எண்டு சொன்னன்தானே?" என்றான் நண்பன்.

"இழுவைதான்" என்று ஒப்புக்கொண்டேன். அந்தச் சொல்லை அவனுக்குக் கொடுக்க எனக்கு நெஞ்சு வலித்தது.

மனைவிக்கு மட்டும் கல்யாணம் பிடித்திருந்தது. "பாவம், அவ்வளவு பாடுபட்டவ. ஒரு நல்லது நடக்கட்டுமே" என்றாள்.

பிறகு மூன்று பேரும் சேர்ந்து பனிக்கதையைத் தொடங்கினோம். சிம்மாசனத்தில் ராணி. முன்பு அந்தக் காட்சியைக் கோபத்தில் சரியாகப் பார்க்கவே இல்லை. இப்போது பார்த்தேன். அவள் இடது கையை மடியிலேயே வைத்திருக்கிறாள். செங்கோலை வலது கையால்தான் வாங்குகிறாள். கோட்டைக்குள் தானியம் குறையும்போது, யாரை வெளியே அனுப்புவது என்ற கேள்வி வரும் ஒவ்வொரு தடவையும், தலைவன் படகில் குறைந்துபோனவரைப் பற்றி ஒரு சொல் சொல்கிறான். அந்தச் சொற்கள் எனக்கு முன்பு அர்த்தமில்லாமல் இருந்தன. மொழிபெயர்க்கத் தெரியாமல் தாண்டிப் போயிருக்கிறேன். இந்தக் கதையின் பாரம் முழுவதும் நான் பார்க்காத அந்த அத்தியாயத்திலிருந்து வந்திருக்கிறது. கோட்டைக் கதவைத் திறந்து ஒரு குடும்பத்தைப் பனிக்குள் அனுப்ப வேண்டிய இடத்தில் எனக்குக் கை ஓடவில்லை. நண்பன் பக்கத்தில் இருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இப்ப விளங்குதா?" என்றான்.

விளங்கியது. இவ்வளவு காலமும் அவன் சொன்னது சரி. அவன் சரி என்பது எனக்கு ராணி கண் திறந்ததைவிடப் பெரிய அதிர்ச்சி என்று சொன்னால் அவன் இன்னும் கொஞ்சம் பெருத்துவிடுவான் என்று நினைத்து, "பரவாயில்ல" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவன் வருகிறான். மனைவி எங்களை விட்டுவிட்டுத் தனியாகக் கடல்கதைக்குப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் எப்போதும் கடைசி இடத்தில் வைத்த கதை அது. மூன்றிலும் அதுதான் திறம் என்கிறாள். ஒருத்தரையும் சாகக் கொடுக்காமல் மூளையால் ஆடலாம், கணக்குப் பார்க்கத் தெரிந்தால் போதும் என்கிறாள். நண்பன் அதைக் கேட்டுக் கொதித்துப்போய்ப் பனிக்கோட்டைக்காகப் பேசத் தொடங்கினான். நானும் பழைய பழக்கத்தில் ஆற்றுப்பாலத்துக்காக வாய் திறந்தேன்.

அவள் திரையிலிருந்து கண் எடுக்கவில்லை.

"ரெண்டு பேரும் வெளிய போய் நிண்டு கதைங்க. இஞ்ச ஒரு வியாபாரி எனக்குப் பொய் சொல்றான், அவன நான் பிடிக்க வேணும்."

ஆளுக்கொரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம்.